ஆச்சி பார்த்த நிறம்

மலர்க்குழுத் தம்பி ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "சார், எல்லாரும் ஹாஸ்டல் மெஸ்ஸையும் அனாடமி ஹாலையும் பத்தி எழுதி அனுப்பிட்டாங்க. நீங்களாவது சரித்திரமா ஏதாவது எழுதிக் கொடுங்களேன்" என்றார்.

என்ன சரித்திரம் எழுதுவது? 1965-ல் நம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கிய கதையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதனால் நான் ஒரு நிறத்தின் சரித்திரத்தை எழுதுகிறேன். கைக்குழந்தையின் மலத்தின் நிறம்! சங்கமத்து மலரில் எழுதுகிற விஷயமா இது என்று முகம் சுளிக்க வேண்டாம். முகம் சுளித்ததால்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பழைய கடன்

1980களின் தொடக்கம். படிப்பை முடித்துவிட்டுத் தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரில் போர்டு மாட்டி உட்கார்ந்த புதிது. ஒருநாள் சாயங்காலம் ஓர் ஆச்சி, மகளையும் நாற்பது நாள் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, பிள்ளைக்குக் கண்ணு இன்னும் மஞ்சளாவே இருக்கு. வெளிக்கிப் போறதும் சரியில்ல. சுண்ணாம்பு கணக்கா வெள்ளையாப் போகுது."

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். பால் நன்றாகக் குடிக்கிறான், எடை ஏறியிருக்கிறது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம்தானே? "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகளுக்குச் சில சமயம் இப்படி நீடிக்கும் ஆச்சி. காலை வெயில்ல காட்டுங்க, சரியாப் போகும்" என்றேன். ஆச்சி விடவில்லை. பிள்ளையின் துணியை ஒரு பைக்குள் சுருட்டிக்கொண்டே வந்திருந்தார். எடுத்துக் காட்டப் போனார். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். "வேண்டாம், வேண்டாம்" என்று கையமர்த்திவிட்டேன்.

நாலாவது மாசம் திரும்பி வந்தார்கள். வயிறு உப்பியிருந்தது. தொட்டுப் பார்த்தால் ஈரல் கல் மாதிரி. அன்றிரவே கடிதம் எழுதிக் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். பித்தநாளம் பிறந்த நாள்முதல் அடைபட்டிருக்கிறது, ஆபரேஷனுக்குக் காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. முதல் பிறந்தநாளைக்கு அந்தப் பிள்ளை இல்லை.

ஆச்சி அதற்கப்புறமும் பிரஷருக்கு என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "நீங்க என்ன செய்வீய?" என்பார். ஆனால் நான் செய்திருக்கக்கூடியது ஒன்று இருந்தது. அந்தத் துணியைப் பார்த்திருக்கலாம்.

கால்வாய் அடைபட்டால்

டாக்டர் அல்லாத குடும்பத்தாரும் இந்த மலரைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஈரல் நாள்தோறும் பித்தநீரைச் சுரக்கிறது. அது மெல்லிய நாளங்கள் வழியே இறங்கிக் குடலில் சேருகிறது. மலத்துக்கு மஞ்சள், பச்சை நிறம் கொடுப்பது இந்தப் பித்தநீர்தான். நம்மூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கன்னடியன் கால்வாயின் தலைமடை அடைபட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே வயல் காயும்; மேலே தண்ணீர் தேங்கும். அதேபோல் பித்தநாளம் அடைபட்டால் கீழே மலம் வெளுக்கும். மேலே தேங்கிய பித்தம் ஈரலை அரிக்கும். ரத்தத்தில் ஏறிய பித்தம் கண்ணை மஞ்சளாக்கி, சிறுநீரில் இறங்கித் துணியில் கறையாகப் படியும்.

இதில் முக்கியமானது ஒன்று: சாதாரணப் பிறவி மஞ்சளில் மலம் வெளுக்காது. ஆச்சி பார்த்த நிறத்தின் பொருள் அதுதான்.

குலைக்கட்டியின் காலம்

அந்தக் காலத்தில் எங்கள் கண்ணுக்கு இது ஏன் எளிதில் தென்படவில்லை? அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. நம் நாட்டில் குழந்தையின் ஈரல் கெட்டுப்போனால் அதற்கு எல்லாரும் சொன்ன பெயர் குலைக்கட்டி. 1887-ல் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவரும், 1891-ல் கிப்பன்ஸ் என்பவரும் இந்த நோயைப் பற்றி எழுதினார்கள். ஆங்கில மருத்துவம் அதற்கு வைத்த பெயரிலேயே பித்தம் இருந்தது: 'இன்ஃபண்டைல் பிலியரி சிரோசிஸ்'. ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளை அது வாரிக்கொண்டு போனது. ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. சென்னை மயிலாப்பூர் ஜம்மி வெங்கடரமணய்யாவின் 'லிவர் க்யூர்' மருந்து தென்னாடு முழுக்கப் பேர் வாங்கியது அந்தப் பயத்தில்தான். என் தலைமுறையில் அந்தப் புட்டியைப் பார்க்காத தாத்தா, ஆச்சி கிடையாது.

அந்த நோய் பித்தநாள அடைப்பு அல்ல என்பது தெளிவாக வெகுகாலம் ஆயிற்று. அந்தப் பிள்ளைகளின் ஈரலில் தாமிரம் அளவுக்குமேல் குவிந்திருந்தது. பிரிட்டிஷ் மருத்துவர் ஸ்டூவர்ட் டானரும் புனேயைச் சேர்ந்த ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் 1983-ல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலைச் சின்ன வயதிலேயே புகட்டுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஈயம் பூசாத பித்தளையிலிருந்து தாமிரம் பாலில் இறங்குகிறது. அதை வெளியேற்ற வேண்டிய வழியும் பித்தநீர்தான்; பிஞ்சு ஈரலுக்கு அந்தச் சக்தி போதாது.

பெயரிலேயே தாமிரத்தை வைத்திருக்கும் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பாவம், ஆற்றின்மேல் குற்றமில்லை. குற்றம் பால் செம்பின்மேல்! வீடுகளில் எவர்சில்வர் வந்து பித்தளை பரணுக்குப் போனது. குலைக்கட்டியும் 1990களுக்குள் அபூர்வமாகிவிட்டது. இன்றைய மாணவர்கள் அதைப் புத்தகத்தில்தான் படிக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பெரிய நோயின் நிழலில் ஒரு சின்ன நோய் மறைந்து கிடந்தது. மஞ்சளும் வீங்கிய ஈரலும் கண்டால் 'கட்டி' என்று ஒரே பெயர் சொல்லிவிடுவார்கள். பிறந்த சில வாரங்களிலேயே மலம் வெளுக்கும் பிள்ளை வேறு ரகம் என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

எடின்பரோவிலிருந்து செண்டாய் வரை

கல்கத்தாவில் கிப்பன்ஸ் எழுதிய அதே சமயத்தில், 1891-92-ல், எடின்பரோவில் ஜான் தாம்சன் என்ற குழந்தை மருத்துவர், பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த ஏறக்குறைய 50 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார். இதைத்தான் இன்று 'பிலியரி அட்ரீசியா' என்கிறோம். காரணம் இன்றுவரை முழுதாகத் துலங்கவில்லை. கிழக்காசியாவில் சற்று அதிகம். தைவானில் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்றிரண்டு. ஐரோப்பாவில் அதைவிடக் குறைவு.

1916-ல் அமெரிக்காவில் ஹோம்ஸ் என்பவர், இவர்களில் சிலரையாவது கத்தியால் காப்பாற்றலாம் என்று எழுதினார். ஈரலுக்கு வெளியே எங்காவது ஒரு துண்டு நாளம் திறந்திருந்தால் அதைக் குடலோடு தைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. 1928-ல் பாஸ்டனில் வில்லியம் லாட் சில குழந்தைகளை அப்படிப் பிழைக்கவைத்தும் காட்டினார். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வெளியே திறந்த நாளமே இருப்பதில்லை. வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள், ஒன்றும் செய்ய இயலாது என்று மூடிவிடுவார்கள்.

அந்த நிலையை மாற்றியவர் ஜப்பானில் செண்டாய் நகரத்துத் தொஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொரியோ கசாய். 1955-ல் அவர் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் செய்கிறார். திறந்த நாளம் எங்கும் இல்லை. ஈரலின் வாயிலில் வெட்டிய இடத்தில் ரத்தம் கசிய, அதை அடக்கக் குடலைக் கொண்டுவந்து அங்கே பொருத்தினார் என்று சொல்வார்கள். பிறகு பார்த்தால் குழந்தையின் மலத்தில் நிறம்! பித்தம் வழி கண்டுபிடித்து இறங்கியிருந்தது. வெளியே நாளம் நாராகச் சுருங்கிப் போயிருந்தாலும், ஈரலின் வாயிலில் கண்ணுக்குத் தெரியாத நுண்நாளங்கள் உயிரோடிருக்கின்றன என்பதை அவர் மைக்ராஸ்கோப்பில் உறுதிசெய்தார்.

கசாய் ஆபரேஷன் என்பது இவ்வளவுதான்: அந்த நாரை ஈரலின் வாயில்வரை வெட்டியெடுத்து, சிறுகுடலின் ஒரு கண்ணியை மேலே கொண்டுவந்து அந்த இடத்தில் தைப்பது. மண்மூடிய கால்வாயைத் தலைமடைவரை தோண்டிப் போய், அங்கிருந்து புதுக்கால் வெட்டுவது போல. 1959-ல் ஜப்பானிய மொழியில் எழுதினார், வெளியுலகம் கண்டுகொள்ளவில்லை. 1968-ல் ஆங்கிலத்தில் எழுதினார். மேற்கில் பலர் நம்பவில்லை. தாங்களே செய்து பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

கசாய் உலகத்துக்குச் சொன்ன இன்னொரு பாடம் நாள்கணக்கு. அந்த நுண்நாளங்கள் காத்திருப்பதில்லை. வாரத்துக்கு வாரம் தூர்ந்துகொண்டே போகும். 60 நாளுக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பித்தம் இறங்குகிறது. 90 நாளைத் தாண்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இந்தக் கணக்கு என் கையில் நாற்பதாம் நாள் இருந்த பிள்ளையை எத்தனை முறை நினைவூட்டியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கண்டுபிடிப்பது எப்படி?

மாணவத் தம்பி தங்கைகளுக்காக இந்தப் பகுதி. இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நீடித்தால் பிலிரூபினின் மொத்த அளவு மட்டும் போதாது. 'டைரக்ட்' எவ்வளவு என்று கேளுங்கள். அது டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் அது பிறவி மஞ்சள் அல்ல, ஈரல் நோய். வெயிலும் நீல விளக்கும் அதற்கு உதவாது.

அடுத்தது, பால் கொடுக்காமல் சில மணி நேரம் விட்டு எடுக்கும் ஸ்கேன். பித்தப்பை சுருங்கியோ காணாமலோ இருக்கும். ஈரல் வாயிலில் முக்கோணமாக ஒரு நார் தெரியலாம். இது 1996-ல் கொரிய மருத்துவர்கள் காட்டிக்கொடுத்த அடையாளம். பிறகு ஐசோடோப் ஸ்கேன், ஈரல் பயாப்சி. கடைசித் தீர்ப்பு ஆபரேஷன் மேஜையில், பித்தப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. ஒரு எச்சரிக்கை: இந்தக் குழந்தைகளுக்கு வைட்டமின் கே உடம்பில் ஏறாது. சின்னக் காயத்தில் நிற்காத ரத்தம், சமயத்தில் மூளைக்குள் கசிவு என்றுகூட முதலில் வந்து நிற்பார்கள். அனுப்புவதற்கு முன் அந்த ஊசியைப் போட மறக்காதீர்கள்.

எல்லா வெள்ளை மலமும் அட்ரீசியா அல்ல. நாளம் பலூன் போல உப்பும் 'கோலிடோக்கல் சிஸ்ட்' இன்னொன்று. ஆசியாவிலும் பெண் குழந்தைகளிடமும் அது அதிகம். வயிற்றுவலி, மஞ்சள், தட்டுப்படும் கட்டி என்று வரும். அதை முழுதாக எடுத்துவிட்டுக் குடலைத் தைத்தால் பிள்ளை நன்றாக இருப்பாள். ஆக, வெள்ளை மலத்தைக் கண்டு கைவிரிக்க வேண்டிய காலம் போய்விட்டது. கண்டும் காணாமல் இருப்பதுதான் குற்றம்.

காஞ்சிபுரத்துப் பிள்ளை

கசாய் ஆபரேஷன் பலிக்காதவர்களுக்கு? 1963 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் உலகின் முதல் ஈரல் மாற்று ஆபரேஷனைச் செய்தார். மேஜையில் கிடந்தது இதே நோயுள்ள மூன்று வயதுப் பையன். ரத்தப்போக்கில் அங்கேயே இறந்தான். அந்தத் தோல்வியில் தொடங்கி 1980களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தபிறகுதான் மாற்று ஈரல் நிலைத்தது. 1989-ல் சிகாகோவில் ஒரு தாய் தன் ஈரலின் ஒரு பகுதியை மகளுக்குக் கொடுத்தார். அந்தக் குழந்தைக்கும் இதே நோய்தான்.

இந்தியாவில் 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தைக்கு அப்பாவின் ஈரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். நாட்டில் வெற்றிபெற்ற முதல் குழந்தை ஈரல் மாற்று அதுதான். பிள்ளை எந்த ஊர் தெரியுமா? நம்ம தமிழ்நாடு, காஞ்சிபுரம்! பெயர் சஞ்சய் கந்தசாமி. நோய், பிலியரி அட்ரீசியா. அந்தச் சஞ்சய் பிறகு மருத்துவம் படித்து டாக்டராகிவிட்டார். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது என் கண் கலங்கியதை மறைக்க விரும்பவில்லை. ஆற்றங்கரைப் பிள்ளை இருந்திருந்தால் அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவனாக இருந்திருப்பான்.

2008-ல் தமிழ்நாடு மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புதானத்தை ஒழுங்குபடுத்தியது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. ஈரல் மாற்று பணக்காரர்களுக்கு மட்டும் என்ற நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனாலும் ஆயுள் முழுக்க மருந்து, ஆயுள் முழுக்கக் கவலை. சொந்த ஈரலோடு வளர முடிகிற பிள்ளைக்கு அதுவே முதல் வழி. அதற்கு 60 நாளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

நாற்பத்தைந்தும் அறுபதும்

1994-ல் ஜப்பானின் தொச்சிகி மாநிலத்தில் அகிரா மட்சுய் என்ற மருத்துவர் ஓர் எளிய யோசனையைச் செயலுக்குக் கொண்டுவந்தார். குழந்தையின் மலம் எந்தெந்த நிறத்தில் இருக்கலாம், எந்த நிறம் ஆபத்து என்று படம் அச்சிட்ட ஓர் அட்டையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். தைவான் அதை 2002-ல் சோதித்து, 2004-ல் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. அட்டை வருமுன் இந்த நோயுள்ள நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 27 பேர்தான் ஐந்து வருடம் கழித்துச் சொந்த ஈரலோடு, மஞ்சள் இல்லாமல் இருந்தார்கள். அட்டை வந்தபின் 64 பேர். புது மருந்து இல்லை, புது ஆபரேஷன் இல்லை. அம்மா பார்த்தாள், டாக்டர் கேட்டார். அவ்வளவுதான்!

நம் ஊரில் என்ன நடக்கிறது? மஞ்சள் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் கீழாநெல்லி சொல்வார். இன்னொருவர் மந்திரிக்கக் கூட்டிப்போவார். கீழாநெல்லியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற ப்ளூம்பெர்க்கும் சேர்ந்து அதை ஹெபடைடிஸ் பி கிருமிக்குச் சோதித்து எழுதினார்கள். ஆனால் அடைபட்ட கால்வாயை எந்தப் பச்சிலையும் திறக்காது. ஒரு வாரம் மந்திரிப்பு, ஒரு வாரம் கஷாயம், ஒரு வாரம் வெயில் என்று போனால் அறுபது நாள் எங்கே மிஞ்சும்?

நம் கையில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒன்றரை மாதத்தில், 45-ஆம் நாள், பிள்ளைக்குத் தடுப்பூசி. மணிமுத்தாறு மலையடிவாரமானாலும் ஸ்ரீவைகுண்டம் வாழைத்தோட்டமானாலும் அந்த ஊசிக்கு அம்மாவும் ஆச்சியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 45-க்கும் 60-க்கும் நடுவே பதினைந்து நாள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை எழும்பூர். குழந்தைகள் மருத்துவமனையும் அதே எழும்பூரில்தான். பதினைந்து நாள் தாராளம், அன்றைக்கே ஒருவர் கேட்டால்! ஊசி போடும் செவிலியரோ டாக்டரோ, "பிள்ளை வெளிக்கிப் போறது என்ன நிறம்? ஒண்ணுக்குப் போனா துணியில மஞ்சக்கறை படியுதா?" என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். முதல் சில வாரங்களில் மலம் ஒருநாள் வெளுத்தும் ஒருநாள் நிறத்தோடும் இருக்கலாம். அதனால் ஒருமுறை கேட்டதோடு விடாமல், "வெளுத்தா உடனே வாங்க" என்றும் சொல்லி அனுப்ப வேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. பொன்னாடை, கேடயம் எல்லாம் நல்லதுதான். அத்தோடு இந்த ஆண்டு நிறம் அச்சிட்ட அட்டை ஆயிரம் அடித்து, நம் பழைய மாணவர்கள் நடத்தும் கிளினிக்குகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஒட்டுவோம். பக்கத்தில் தமிழில் நாலு வரி போதும். முதல் நூறு அட்டைக்கான செலவு என்னுடையது.

ஹைகிரவுண்டு வார்டுகளில் இன்று ரவுண்ட்ஸ் போகும் தம்பி தங்கைகளே! உங்களுக்கு ஸ்கேன் இருக்கிறது, சென்னைக்குப் போன் போட்டால் படம் பார்த்துக் கருத்துச் சொல்ல ஆள் இருக்கிறது. எனக்கு இதெல்லாம் இல்லை என்று நான் சாக்குச் சொல்ல மாட்டேன். எனக்குத் தேவையானது அன்றைக்கு மேஜைக்கு எதிரே ஒரு பைக்குள் இருந்தது. நாளைக்கு உங்களிடம் ஓர் ஆச்சி வருவார். சுருட்டிய துணியை எடுத்து நீட்டுவார். வாங்கிப் பாருங்கள்.